கசிந்த எண்ணெயும் கணினிக்குள் வீசும் காற்றும்

(மரக்காணம் கடற்கரைப் பகுதி மக்களுக்காக ஆற்றிய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



2017 ஜனவரி 28 அன்று, விடிவதற்கு முன் நான்கு மணி வாக்கில், எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. ஒன்று எரிவாயுவை இறக்கிவிட்டு வெளியேறிக்கொண்டிருந்த ‘பிடபிள்யூ மேப்பிள்’. மற்றொன்று பெட்ரோலியச் சரக்குடன் உள்ளே வந்துகொண்டிருந்த ‘டான் காஞ்சிபுரம்’. கடலில் கொட்டியது கப்பல் எந்திரத்தை ஓட்டும் கனமான எரி எண்ணெய். முதலில் கசிவே இல்லை என்றார்கள். பிறகு கொஞ்சம் என்றார்கள். கடைசியில் வந்த கணக்குகள் நூறு டன்னைத் தாண்டின. எர்ணாவூர்ப் பாறைச் சுவர்களுக்கிடையே தார் போலத் தேங்கிய அந்தச் சகதியைக் கடலோரக் காவல் படையினரும் மீனவர்களும் மாணவர்களும் வாளி வாளியாக அள்ளிய படங்கள் நாடு முழுவதும் பார்க்கப்பட்டன. எண்ணெய் அங்கேயே நிற்கவில்லை. மெரினாவையும் பெசன்ட் நகரையும் கடந்து தெற்கே இறங்கியது. பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் பருவம் வேறு.

இந்த மோதல் நடந்த நேரத்தை ஒரு வானிலைக் கோப்பில் தேடினால் ஜனவரி 28-இல் கிடைக்காது. உலகம் முழுவதும் வானிலைத் தரவுகள் கிரீன்விச் நேரப்படி எழுதப்படுகின்றன. நம் கடிகாரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. ஆகவே எண்ணூரின் அதிகாலை நான்கு மணி, கோப்பில் ஜனவரி 27 இரவு பத்தரை மணி. நேரத்தோடு தேதியும் மாறிவிடுகிறது. அவசரத்தில் உட்கார்ந்து ‘28, 04:00’ என்று தட்டிவிடும் ஒருவர், மோதல் நடந்து ஐந்தரை மணி நேரம் கழித்து வீசிய காற்றை எடுத்துக் கணினியில் எண்ணெயைத் தள்ளத் தொடங்குகிறார். திரையில் எந்தச் சிவப்பு எச்சரிக்கையும் வராது. படம் அழகாகவே ஓடும்.

இன்றைய பேச்சு இப்படிப்பட்ட பிழைகளைப் பற்றியது.

எண்ணெய் எங்கே போகும் என்று முன்கூட்டிச் சொல்வதற்கு மென்பொருள்கள் இருக்கின்றன. நம் நாட்டில் இந்தப் பணியைச் செய்வது ஹைதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம், சுருக்கமாக இன்காய்ஸ். எண்ணூர்க் கசிவின்போதும் எண்ணெய் கரையோரமாகத் தெற்கே நகரும் என்ற கணிப்பு அங்கிருந்துதான் வந்தது. அவர்கள் பயன்படுத்தும் மென்பொருளின் பெயர் ‘நோம்’. அமெரிக்காவின் தேசியக் கடல், வளிமண்டல நிர்வாகமான ‘நோவா’ உருவாக்கியது. யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். 2010-இல் மெக்சிகோ வளைகுடாவில் ‘டீப்வாட்டர் ஹொரைசன்’ எண்ணெய்த் துளையிடு மேடை வெடித்தபோது நாள்தோறும் கணிப்பு வெளியிட்டதும் இதை வைத்துத்தான்.

அது வேலை செய்யும் விதம் கேட்பதற்கு எளிது. எண்ணெய்ப் படலத்தை ஓராயிரம் புள்ளிகளாக உடைத்துக்கொள்கிறது. சில நிமிடங்களுக்கு ஒரு முறை ஒவ்வொரு புள்ளியையும் இரண்டு கைகள் நகர்த்துகின்றன. ஒன்று நீரோட்டம், மற்றொன்று காற்று. நீரோட்டம் எண்ணெயை முழுதாகத் தன்னோடு கொண்டுபோகும். காற்று தன் வேகத்தில் சுமார் நூற்றில் மூன்று பங்கு அளவுக்கே தள்ளும். 1967-இல் இங்கிலாந்தின் கார்ன்வால் கரைக்கு அருகே ‘டோரி கான்யன்’ என்ற எண்ணெய்க் கப்பல் தரைதட்டிய பின் செய்த ஆய்வுகளிலிருந்து இன்றுவரை இந்த எண் ஏறத்தாழ இதே இடத்தில் நிற்கிறது. நோம் மென்பொருள் ஒரே எண்ணை வைத்துக்கொள்ளாமல் ஒவ்வொரு புள்ளிக்கும் 1 முதல் 4 விழுக்காட்டுக்குள் ஏதோ ஒன்றைக் குலுக்கிப் போடுகிறது. படலம் விரிந்து கலைவது அதனால்தான்.

மூன்று விழுக்காடுதானே, காற்றில் சற்றுத் தவறினால் என்ன என்று கேட்கத் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்ணூரிலிருந்து மரக்காணம் நேர்கோட்டில் 120 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் வடகிழக்குக் காற்று வீசுகிறது, நொடிக்கு 0.3 மீட்டர் வேகத்தில் நீரோட்டம் தெற்கே ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். காற்றால் நாளுக்குப் பதினைந்தரை கிலோமீட்டர், நீரோட்டத்தால் 26 கிலோமீட்டர். வழியில் கரையில் ஒட்டாமல் தப்பும் எண்ணெய் மூன்று நாளில் இங்கே வந்துவிடும். இப்போது கோப்பில் காற்று மணிக்கு இத்தனை கடல்மைல் என்னும் ‘நாட்’ அளவில் இருக்கிறது, அதே காற்று அங்கே 12 என்று எழுதப்பட்டிருக்கிறது. மென்பொருளிடம் ‘நொடிக்கு மீட்டர்’ என்று சொல்லிவிட்டோம். எண்ணெய் இரண்டு நாளில் வரும் என்று படம் காட்டும். தலைகீழாக, மீட்டரை நாட் என்று சொல்லிவிட்டால் மூன்றரை நாள். இரண்டு பிழைகளுக்கும் இடையே ஏறத்தாழ ஒன்றரை நாள் இருக்கிறது.

அந்த ஒன்றரை நாள் இந்த ஊருக்கு எவ்வளவு பெரியது என்பது இங்கே அமர்ந்திருப்பவர்களுக்குத் தெரியும். மழை ஓய்ந்து தை பிறந்ததும் உப்பளப் பாத்திகளைச் செப்பனிட்டு மிதிக்கிறார்கள். கழிமுகம் வழியாக ஏறிவரும் உப்புநீர் கால்வாய்களில் புகுந்து பாத்திகளை நோக்கிப் போகிறது. பக்கத்திலேயே கழுவேலி, 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட, ஐயாயிரம் ஹெக்டேருக்கும் மேற்பட்ட ஈரநிலம். வடக்கிலிருந்து வரும் பக்கிங்காம் கால்வாய் முடிவதும் இங்கேதான். திறந்த மணற்கரையில் ஒதுங்கும் எண்ணெயை மண்ணோடு வாரி எடுத்துவிடலாம். முகத்துவாரத்துக்குள் நுழைந்த எண்ணெய் களிமண்ணில் ஊறும், நாணலில் ஒட்டும், பாத்தியின் தரையில் படியும். வாருகிற உப்பில் எண்ணெய்க் கறை ஏறினால் அந்தப் பருவமே போயிற்று. ஆகவே எண்ணெய் ‘வரும்’ என்று தெரிந்தால் போதாது. எந்தப் பகலில், எந்த ஓத ஏற்றத்தில் முகத்துவாரத்தை எட்டும் என்று தெரிய வேண்டும். மதகை அடைப்பதும், மிதவைத் தடுப்பை இழுத்துக் கட்டுவதும், நீர் இறைக்கும் மோட்டாரை நிறுத்துவதும் அந்த நேரத்தை வைத்துத்தான்.

காற்றுக் கோப்பில் நேரும் பிழைகளில் மிகவும் பழையதும் மிகவும் ஆபத்தானதும் திசைப் பிழை. காற்றை அது வரும் திசையால் குறிப்பது வழக்கம். வாடை என்றால் வடக்கிலிருந்து வருவது. கச்சான் என்றால் மேற்கிலிருந்து வருவது. வானிலைத் துறையும் இப்படித்தான் எழுதுகிறது. நீரோட்டத்தையோ அது போகும் திசையால் குறிக்கிறார்கள். ஒரே மென்பொருளின் ஒரே திரையில் இரண்டு கட்டங்கள்: ஒன்றில் வரும் திசையைத் தர வேண்டும், மற்றொன்றில் போகும் திசையை. 45 பாகை என்று எழுதிய வடகிழக்குக் காற்றை ‘45 பாகை நோக்கிப் போகிறது’ என்று புரிந்துகொண்டால், சென்னைக் கரையை நோக்கித் தள்ளப்பட வேண்டிய எண்ணெய் வங்காள விரிகுடாவின் நடுவை நோக்கிப் போய்விடும். இந்தப் பிழையின் கொடுமை அது தரும் நிம்மதியில் இருக்கிறது. கரை முழுவதும் கறுப்பாகக் காட்டும் படத்தைப் பார்த்தால் யாரும் இன்னொரு முறை சரிபார்ப்பார்கள். எண்ணெய் எல்லாம் ஆழ்கடலுக்குப் போய்விட்டது என்று காட்டும் படத்தைச் சந்தேகிக்க மனம் வராது.

இன்னும் நுட்பமான ஒரு பிழை உண்டு. இன்று பெரும்பாலான காற்றுத் தரவு வேகம், திசை என்று வருவதில்லை. கிழக்கு நோக்கிய பகுதி, வடக்கு நோக்கிய பகுதி என்று இரண்டு எண்களாக வருகிறது. அவற்றை ‘யு’, ‘வி’ என்று அழைப்பார்கள். வடகிழக்குக் காற்று தென்மேற்கு நோக்கிப் போவதால் இரண்டும் கழித்தல் எண்கள். யு கழித்தல் 5, வி கழித்தல் 5 என்பது போல. கோப்பை மாற்றி எழுதும்போது யாரோ இந்த இரண்டு பத்திகளையும் இடம் மாற்றிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் சோதித்துப் பார்த்தால் எல்லாம் சரியாகத் தெரியும். இரண்டு எண்களும் ஒன்றேயானால், இடம் மாறினால் என்ன, மாறாவிட்டால் என்ன? அந்தப் பிழை வடகிழக்குப் பருவக்காற்றுக் காலம் முழுக்க உறங்கும். சித்திரையில் கடற்காற்று தென்கிழக்கிலிருந்து எழும். இப்போது யு கழித்தல், வி கூட்டல். இடம் மாறியதும் அது வடமேற்கிலிருந்து வீசும் காற்றாகிவிடும். உப்பளத்தை நோக்கி ஏற வேண்டிய எண்ணெய் நேர் எதிர்த்திசையில் கடலுக்குள் போகும். ஒரு பருவத்தில் தேர்வு எழுதித் தேறிய கோப்பு மறு பருவத்தில் முழுமையாகக் கவிழ்ந்துவிடுகிறது. வடகிழக்குக் காற்றில் மட்டும் சரிபார்த்த எந்த ஏற்பாட்டையும் நம்பக் கூடாது என்பதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை.

அட்சரேகை வரிசையும் இதே குணம் உடையது. ஐரோப்பிய நடுத்தரக் கால வானிலை முன்கணிப்பு மையம் வெளியிடும் ‘ஈரா-5’ தரவுத் தொகுப்பை எடுத்துக்கொள்ளலாம். 1940 முதல் மணிக்கு மணி உலகக் காற்றைத் தரும் அரிய கருவூலம். அதில் வரிசைகள் வடக்கிலிருந்து தெற்காக இறங்குகின்றன. மென்பொருள் தெற்கிலிருந்து வடக்கு என்று எதிர்பார்த்தால் வரைபடம் தலைகீழாகிவிடும். வடக்கு 10 முதல் 15 பாகை வரை நம் கடலை மட்டும் வெட்டி எடுத்திருந்தால், 13.25 பாகையில் உள்ள எண்ணூருக்கு 11.75 பாகைக் காற்று வந்து சேரும். அது கடலூர்க் காற்று. 12.2 பாகையில் உள்ள மரக்காணத்துக்கோ கோவளத்துக் காற்று வரும். இரண்டு இடத்துக் காற்றும் பெரும்பாலான நாள்களில் ஏறத்தாழ ஒன்றே. மரக்காணத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவருக்குப் பிழை கண்ணில் படவே படாது. தீர்க்கரேகையில் நமக்கு ஒரு சலுகை உண்டு. 0 முதல் 360 வரை எண்ணினாலும், கழித்தல் 180 முதல் 180 வரை எண்ணினாலும் சென்னை 80 பாகையில்தான் இருக்கும். அமெரிக்கக் கடலில் வேலை செய்வோரைப் பாடாய்ப் படுத்தும் அந்தச் சிக்கல் இங்கே இல்லை.

சராசரி எடுப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. மார்கழி வாடை ஒரு மணிக்கு 350 பாகையிலிருந்தும் அடுத்த மணிக்கு 10 பாகையிலிருந்தும் வீசுகிறது. இரண்டும் வடக்கை ஒட்டியவை. கூட்டி இரண்டால் வகுத்தால் 180 வரும். அது நேர் தெற்கு. திசையைப் பாகையாக வைத்துக்கொண்டு சராசரி எடுக்கவே கூடாது. யு, வி என்று பிரித்துவிட்டு எடுக்க வேண்டும். பள்ளிக் கணக்குத்தான். ஆனாலும் அட்டவணை மென்பொருளில் மூன்று மணி நேரச் சராசரி எடுக்கும் கைகள் இதை மறந்துவிடுகின்றன.

பெரிய பிழைகளைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். விடுபட்ட அளவீட்டுக்குப் பதிலாக 9999 என்று எழுதி வைத்திருந்தால் எண்ணெய் ஒரே பாய்ச்சலில் பர்மாவுக்குப் போய்விடும், பார்த்தவுடன் தெரிந்துவிடும். சுருக்கிச் சேமித்த எண்களை விரிக்காமல் படித்தாலும் அப்படித்தான். விடுபட்ட இடத்தில் சுழியம் போட்டு வைப்பதுதான் தொல்லை. காற்றே இல்லாத கடலில் எண்ணெய் நீரோட்டத்தோடு மட்டும் மிதக்கும், படமும் நம்பும்படியாக இருக்கும். கோப்பு ஐந்தாம் நாளோடு முடிய, கணிப்பு ஏழாம் நாள் வரை ஓடினால், கடைசிக் காற்றையே இரண்டு நாள் இழுத்து நீட்டும்படியும் சில அமைப்புகளில் விட்டுவிட முடியும். தேதியில் நாள் முதலா, மாதம் முதலா என்ற குழப்பமும் உண்டு. நோம் ஏற்கும் எளிய காற்றுக் கோப்பில் நாள்தான் முதலில் வரும். பிப்ரவரி 3-ஐ அமெரிக்க முறையில் எழுதினால் அது மார்ச் 2 ஆகிவிடும். கிழக்குக் கரை நீரோட்டமே ஜனவரிவரை தெற்கு நோக்கி ஓடி, பிப்ரவரி, மார்ச்சில் வடக்கு நோக்கித் திரும்பிவிடுகிறது என்பதை இதோடு சேர்த்து நினைத்துப் பார்க்க வேண்டும்.

மீண்டும் நேரத்துக்கு வர வேண்டியிருக்கிறது. ஏனென்றால் மரக்காணத்தில் மற்ற எல்லாப் பிழைகளையும்விட இது அதிகம் கெடுக்கும்.

பங்குனி, சித்திரை மாதங்களில் இந்தக் கரையில் காலையில் தரைக்காற்று, நண்பகல் வாக்கில் கடற்காற்று. நண்பகல் 12 மணி என்பது கிரீன்விச்சில் காலை ஆறரை. கோப்பில் உள்ள ஆறரையை நம் ஊர் ஆறரை என்று படித்தால், விடிந்ததும் விடியாததுமாகக் கடற்காற்று எழும்பி எண்ணெயைக் கரைக்குத் தள்ளத் தொடங்கும். அந்தப் படத்தைக் கரையில் வலை பிரிக்கும் எவரிடமாவது காட்டினால், காலை ஆறரைக்கு இந்தக் காற்று எப்படி வரும் என்று உடனே கேட்டுவிடுவார். கணினி கேட்காது. இதோடு ஓதத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏற்றத்திலிருந்து இறக்கத்துக்கு ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகிறது. காற்றுக் கோப்பு ஒரு கடிகாரத்திலும் ஓதக் கோப்பு மற்றொரு கடிகாரத்திலும் இருந்தால், ஐந்தரை மணி நேர வித்தியாசம் ஏற்றத்தை ஏறத்தாழ இறக்கமாக்கிவிடும். நீர் உள்ளே ஏறும் வேளையில் கடற்காற்றும் சேர்ந்து தள்ளினால்தான் எண்ணெய் முகத்துவாரத்துக்குள் போகும். அந்த இரண்டும் சந்திக்கும் வேளையையே பிழையான கடிகாரம் அழித்துவிடுகிறது. திறந்த கடலில் ஐந்தரை மணி நேரப் பிழை ஐந்தாறு கிலோமீட்டர் தவறாக முடியலாம். முகத்துவாரத்தில் அது உள்ளே, வெளியே என்ற விடையை மாற்றிவிடும்.

கோப்பில் பிழை எதுவும் இல்லாதபோதும் காற்று தவறாக இருக்கலாம். ஈரா-5 தரவின் ஒரு கட்டம் 0.25 பாகை, நம் பகுதியில் ஏறத்தாழ 27 கிலோமீட்டருக்கு 28. அந்த ஒரே கட்டத்துக்குள் கடலும் உப்பளமும் கழுவேலியும் நெல் வயலும் கிழக்குக் கடற்கரைச் சாலையும் அடங்கிவிடும். அது தரும் காற்று இவை அனைத்தின் கலவை. மரமும் கட்டடமும் காற்றை மட்டுப்படுத்துவதால், கரையோரக் கட்டங்களில் கடற்காற்று உள்ளதைவிட மெலிந்து காட்டப்படுவது வழக்கம். செயற்கைக்கோள் அளந்ததை எடுக்கலாமே என்றால், அதற்கும் கரை ஒரு தடை. எண்ணூர் விபத்துக்குச் சில மாதங்கள் முன்பு, 2016 செப்டம்பரில் இஸ்ரோ ஏவிய ‘ஸ்காட்சாட்-1’ கடற்பரப்பின் காற்றை அளந்தது. ஆனால் கரையை ஒட்டிய சில பத்துக் கிலோமீட்டரில் தரையின் எதிரொலி கலந்து அளவீடு கெட்டுவிடும். நமக்கு வேண்டியதோ அந்தப் பட்டைதான்.

நேரடி அளவீட்டிலும் கவனம் தேவை. சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் வங்காள விரிகுடாவில் மிதவைகளை நிறுத்தியிருக்கிறது. அவற்றின் காற்றுமானி நீர்மட்டத்திலிருந்து 3 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மென்பொருள் எதிர்பார்ப்பது 10 மீட்டர் உயரக் காற்றை. மாற்றாமல் போட்டால் காற்று உள்ளதைவிடக் குறைந்து தெரியும். மீனம்பாக்கம் விமான நிலையத்துக் காற்று எளிதில் கிடைக்கும், ஒழுங்காகவும் வரும். ஆனால் அது நகரத்துக்குள் தரையில் அளந்த காற்று. நாட் அளவில், கிரீன்விச் நேரத்தில் எழுதப்பட்டது. அதை எடுத்துக் கடலில் மிதக்கும் எண்ணெயைத் தள்ளுபவர் ஒரே கோப்பில் மூன்று பிழைகளுக்கு இடம் கொடுக்கிறார்.

இத்தனையும் ஒரு பெரிய சோதனையில் கொண்டுபோய் விடுகிறது. கணிப்பு ஒரு இடத்தைக் காட்டுகிறது. எண்ணெய் வேறு இடத்தில் இருக்கிறது என்று ஹெலிகாப்டரில் போனவர் சொல்கிறார். கணினியின் முன் உட்கார்ந்திருப்பவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு திருகு இருக்கிறது: காற்று எத்தனை விழுக்காடு தள்ளும் என்ற அந்த எண். 3-ஐ 5 ஆக்கினால் படம் உண்மையோடு ஒட்டிக்கொள்ளும். அலகில் பிழை இருந்து காற்று பாதியாகப் படிக்கப்பட்டிருந்தால், திருகை இரட்டிப்பாக்குவது அதை அப்படியே மூடி மறைத்துவிடும். அன்றைக்குத் தப்பித்துவிடலாம். மறுநாள் காற்று திரும்பும்போது மூடி மறைத்தது வேறு உருவில் வெளிவரும். காற்றைச் சரிபார்த்து முடிக்கும்வரை அந்தத் திருகைத் தொடக் கூடாது. இதில் விட்டுக்கொடுப்பதற்கு இடமே இல்லை.

காற்றின் பிடி பொருளுக்குப் பொருள் மாறுகிறது என்பதை 2025 மே 25 அன்று கொச்சிக்கு அப்பால் மூழ்கிய ‘எம்எஸ்சி எல்சா-3’ கப்பல் காட்டிக்கொடுத்தது. அதிலிருந்த 640 கொள்கலன்களில் பல கடலில் மிதந்தன. பாதி வெளியே தெரியும் கொள்கலனைக் காற்று வலுவாகப் பிடித்துத் தள்ளும். நீரோடு நீராகக் கிடக்கும் பிளாஸ்டிக் குருணைகள் நீரோட்டத்தோடு போகும். அவை கன்னியாகுமரிக் கரை வரை வந்து ஒதுங்கின. காற்றுக் கோப்பில் ஒரே பிழை இருந்தாலும் கொள்கலனுக்கு ஒரு தவறு, எண்ணெய்க்கு ஒரு தவறு, குருணைக்கு வேறொரு தவறு.

காற்றால் விளக்க முடியாத கசிவுகளும் உண்டு என்பதைச் சொல்லிவிட வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து வந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்தில் இறங்கியது. அங்கே எண்ணெயை ஓட்டியது வெள்ளம். கால்வாயே இல்லாத கரைக்கோட்டு வரைபடத்தை வைத்துக்கொண்டு காற்றை எவ்வளவு துல்லியமாகக் கொடுத்தாலும் அந்தக் கணிப்பு சரியாக வராது. மரக்காணத்துக்கும் இது பொருந்தும். முகத்துவாரத்தை நேர்கோடாக அடைத்துவிட்ட வரைபடத்தில் எண்ணெய் ஒருபோதும் உப்பளத்துக்குள் நுழையாது.

சரிபார்ப்பது எப்படி? அனுபவமுள்ளவர்கள் முதலில் நீரோட்டத்தை முழுவதுமாக அணைத்துவிடுகிறார்கள். மரக்காணத்துக்கு நேரே, கரையில் முட்டாத தூரத்தில் கடலில் ஒரே ஒரு புள்ளியை வைத்து, காற்று தள்ளும் பங்கைக் குலுக்கிப் போடாமல் 3 விழுக்காட்டில் நிறுத்தி, காற்றை மட்டும் விட்டு ஒரு நாள் ஓட்டுகிறார்கள். நொடிக்கு 10 மீட்டர் வடகிழக்குக் காற்று என்று கையால் எழுதிக் கொடுத்தால் புள்ளி தென்மேற்கே சுமார் 26 கிலோமீட்டர் போயிருக்க வேண்டும். 13 போனால் அலகில் தவறு. வடகிழக்கே போனால் திசையில் தவறு. பிறகு அதே சோதனையைத் தென்கிழக்குக் காற்றுக்குச் செய்ய வேண்டும். யு, வி இடம் மாறியிருந்தால் அப்போதுதான் பிடிபடும். அடுத்து உண்மையான கோப்பைத் திறந்து, ஒரு சித்திரை வாரத்தின் காற்றை மணிவாரியாக வரைந்து பார்க்க வேண்டும். கடற்காற்று எழும் நேரம் நண்பகலை ஒட்டி இருக்கிறதா? அந்த ஒரு கோட்டுப் படத்தில் கடிகாரம், திசை, அலகு மூன்றும் சேர்ந்து சாட்சி சொல்லிவிடும்.

ரேடார் செயற்கைக்கோள் படங்களும் உதவும். எண்ணெய் சிற்றலைகளை அடக்கிவிடுவதால் படத்தில் கறுப்பாகத் தெரியும். காற்று நொடிக்கு இரண்டு மூன்று மீட்டருக்கும் கீழே போனால் கடலே அலையற்றுக் கறுப்பாகிவிடும். காற்று மிக வலுத்தால் எண்ணெய்த் தடம் கலைந்து மறையும். ஆகவே அந்தப் படத்தைப் படிக்கவும் சரியான காற்று தெரிந்திருக்க வேண்டும்.

நோம் மென்பொருள் இரண்டு விடைகளைத் தருகிறது. காற்றும் நீரோட்டமும் கொடுத்தபடியே இருந்தால் எண்ணெய் எங்கே போகும் என்பதைக் கறுப்புப் புள்ளிகள் காட்டும். கொடுத்ததில் தவறு இருக்கலாம் என்று எண்ணி விரித்த எல்லையைச் சிவப்புப் புள்ளிகள் காட்டும். மரக்காணத்தைப் போன்ற ஒரு முகத்துவாரத்துக்குச் சிவப்புப் புள்ளி ஒன்று வந்தாலும் மதகை அடைக்க வேண்டும் என்பதே இந்தப் பேச்சின் நிலைப்பாடு. ஒரு நாள் உப்புநீர் ஏறாமல் போவதன் இழப்பும், ஒரு பருவத்து உப்பு கெடுவதன் இழப்பும் ஒன்றல்ல. ஆனால் சிவப்பு எல்லையும் சிறு தடுமாற்றங்களுக்குத்தான் ஈடுகொடுக்கும். முழுக்கத் திரும்பிப்போன காற்றுக்கு அதில் இடமில்லை.

விபத்து நடக்கும் இரவில் இந்தச் சோதனைகளைச் செய்ய நேரம் கிடைக்காது. 1996 முதல் நாட்டில் எண்ணெய்க் கசிவுக்கான தேசியப் பேரிடர்த் திட்டம் இருக்கிறது, கடலோரக் காவல் படை அதன் தலைமைப் பொறுப்பில் இருக்கிறது, பயிற்சிகளும் நடக்கின்றன. மரக்காணம் போன்ற சிறு கழிமுகத்துக்கென்று தனியாக, பருவத்துக்கு ஒரு முறை பயிற்சி நடத்த வேண்டும். கழிமுகத்தருகே 10 மீட்டர்க் கம்பத்தில் ஒரு காற்றுமானி வேண்டும். அருகிலுள்ள கல்லூரி மாணவர்கள் அதன் பதிவைப் பேணலாம். எண்ணுள்ள மெல்லிய மரச் சில்லுகளைக் குறித்த இடத்தில் கடலில் போட்டு, அவை ஒதுங்கும் இடத்தையும் நேரத்தையும் கரையோர ஊர்க்காரர்கள் சொல்ல, கணிப்போடு ஒப்பிடலாம். கடல் ஆய்வில் இது பழகிய முறை, செலவும் குறைவு.

தையில் போடும் சில்லுகள் தெற்கே கூனிமேடு பக்கம் தேடத்தக்கவை. சித்திரையில் போட்டால் கடற்காற்று அவற்றைப் பிற்பகலில் கரைக்கே கொண்டுவரும். முகத்துவாரத்துக்குள் எத்தனை புகுந்தன என்று எண்ணுவதுதான் அன்றைய வேலை. ஆடி, ஆவணியில் கச்சான் காற்று பெரும்பாலான சில்லுகளைக் கடலுக்குள் இழுத்துக்கொண்டு போய்விடும். ஆகவே அந்தப் பயிற்சிக்கு மட்டும் ஒரு படகும், சில்லுகளின் பின்னாலேயே போய் மணிக்கு ஒரு முறை இடத்தைக் குறித்துவர இரண்டு ஆள்களும் ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கும்.